பம்ப்பில் பிடித்த சிவப்பு

கூட்டுறவுக் கிடங்கில் ஒயினும்
பெட்ரோல் மாதிரிதான்.
துப்பாக்கி மூக்குக் குழாய், ஓடும் மீட்டர்,
இடுப்பில் சாவிக்கொத்தோடு ஃபாப்ரேக்.
லிட்டர் ஒரு யூரோ தொண்ணூறு சென்ட்.
"எந்த வருஷத்துச் சரக்கு?" என்று கேட்டான்
பாரிஸிலிருந்து வந்த ஒருத்தன்.
"செவ்வாய்க்கிழமைச் சரக்கு" என்றார் ஃபாப்ரேக்,
சிரிக்காமல்.

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனை
ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்து
மேஸ் நகரம்வரை வருவேன்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
உள்ளே அது ஒருமுறை எழுந்து உட்காரும்.

நான் எமெரிக். கூரைக்கு ஓடு வேய்பவன்.
பகலெல்லாம் வெயில் முதுகில் குந்தியிருக்கும்.
இரவில் எனக்கு வேண்டியது
முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்லும் மது அல்ல.
கடுகு வந்த கண்ணாடிக் குப்பியில் ஊற்றினாலும்
கோபித்துக்கொள்ளாத மது.

மாடி வீட்டு மகெலோனுக்கு
சிப்பிப் பண்ணையில் வேலை.
கையுறையையும் மீறி உப்பேறிய விரல்கள்.
ஒரு வெள்ளிக்கிழமை
இரண்டு டஜன் சிப்பியை என் மேசையில் கொட்டினாள்.
"வெள்ளை ஒயின் இருக்கா?"
"சிவப்புதான். கேனில்."
"பரவாயில்லை."

பரவாயில்லாமல் இல்லை.
கடல் ஒரு பக்கம் இழுக்க
திராட்சைத் தோல் மறுபக்கம் இழுக்க
நடுவில் நாக்கு
துருப்பிடித்த காசை நக்கியது.
இருவரும் ஒரே நேரத்தில்
ஜன்னலுக்கு ஓடினோம்.
கீழே நின்றது யாருடைய காரோ.

அப்புறம் வெள்ளிதோறும் விசாரணை.
மத்தி மீன்: தள்ளுபடி.
ஆட்டுப்பால் சீஸ்: முற்றியது என்றால் சமாதானம்,
இளசு என்றால் மறுபடி வாய்தா.
சுட்ட கத்தரிக்காய் கிட்டே வந்தது,
தோளைத் தொட்டது, போய்விட்டது.
சாக்லேட் என்றாள் ஒருநாள்.
அந்த வாரம் முழுக்க நான் மாடிப் பக்கம் பார்க்கவில்லை.

துவர்ப்பு ஒரு மாதிரியான விருந்தாளி.
இனிப்பைப்போல வாசலிலேயே பேசாது.
ஈறில் சாய்ந்துகொண்டு
கன்னம் இரண்டையும் உள்ளே இழுத்து
வாயைக் காயவைத்த பிறகுதான் கேட்கும்:
கொழுப்பு ஏதாவது இருக்கிறதா?
"உனக்கு இருக்கிறதே, போதாதா?" என்றாள் மகெலோன்.

நவம்பர்.
மூன்று நாளாய் வடமேற்குக் காற்று.
ஓட்டின்மேல் ஆள் நிற்க முடியாது.
வெள்ளை பீன்ஸ், ஒரு துண்டு பன்றித்தோல்,
வாத்துக் கொழுப்பு, இரண்டு சாசேஜ்;
மதியமே அடுப்பில் ஏற்றிவிட்டேன்.
அவள் வந்து, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து,
டூலோனுக்குப் போன கணவனைப் பற்றிச்
சொல்ல ஆரம்பித்தாள்.
அவன் காப்பி இயந்திரத்தைத் தூக்கிப் போனது,
மூடியை மட்டும் விட்டுப் போனது,
அந்த மூடியை அவள் இன்னும் கழுவி வைப்பது.
எழுந்து கிளறிவிட எனக்குத் தைரியமில்லை.

வாடைதான் கதையை நிறுத்தியது.
"ஐயோ, அடிபிடித்துவிட்டது. கொட்டு."
கொட்டவில்லை.
மரக்கரண்டியால் சுரண்டினேன்.
பாதி கருப்பு, பாதி செம்பழுப்பு,
ஓரத்தில் தோல் உருகிய பசை.
நேற்றைய ரொட்டியில் அதை அப்பி
அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
மேலே ஒரு மடக்கு.

வழுக்கிய இடத்தில் துவர்ப்பு காலூன்றியது.
காய்ந்த இடத்துக்குக் கொழுப்பு போய்ச் சேர்ந்தது.
கருகல் மட்டும் கொஞ்ச நேரம்
தனியாகக் கசந்து நின்று, பிறகு
அதுவும் வந்து உட்கார்ந்தது.

"ம்" என்றாள்.
"ம்ம்" என்றேன்.
பாத்திரத்தையே மேசைக்கு இழுத்து
ஆளுக்கொரு கரண்டி.
மேலே இருந்த நல்ல பீன்ஸை
இருவருமே தொடவில்லை.
கோட்டை எப்போது கழற்றினாள் என்று
நான் கவனிக்கவில்லை.

அடுத்த வியாழன்.
"எட்டு லிட்டர்" என்றேன்.
"கேன் ஐந்துதானே" என்றார் ஃபாப்ரேக்.
அசையாமல் நின்றேன்.
முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்
இரண்டு லெமனேட் பாட்டிலை
அலசி எடுத்து வந்தார்.
மீட்டர் ஓடியது.
"வீட்டில் விருந்தா?"
"பீன்ஸ்" என்றேன். "அடிபிடித்தது."